எதிர்வீட்டுக்காரர்

என் அக்காவைப் பெண் கேட்டு அத்தான் வந்தபோது துணைக்கு ஒரு ஆள்கூட இல்லாமல்தான் வந்தார். மாலைக் கல்லூரியில் சமூகவியல் நடத்துகிற மனிதருக்குச் சொந்தமாக ஒரு சமூகம் இல்லையா என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். அப்பா அவருக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வேலை நிரந்தரமா, வீடு வாடகையா, உடம்பில் ஏதும் கோளாறு உண்டா என்று சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு அசல் கேள்வியை எடுத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க என்ன ஆளுங்க?"

அத்தான் கண்ணைக்கூட இமைக்கவில்லை. "உங்க ஆளுங்கதாங்க" என்றார்.

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "அப்பவே நினைச்சேன், முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கு" என்று உள்ளே இருந்த அம்மாவுக்குக் கேட்கும்படி சொன்னார். எனக்குத் தெரிந்து அந்த முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. நீள மூக்கு, சவரம் செய்யும்போது தவறவிட்ட நாலு முடி, அவ்வளவுதான். ஆனால் அப்பா ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அது வந்ததுதான். கல்யாணம் நடந்தது. அப்பா சாகும்வரை மாப்பிள்ளையைத் தன் இனத்து ஆள் என்றே நம்பினார். அந்த நம்பிக்கையோடு போய்ச் சேர்ந்தது அவர் செய்த புண்ணியம்.

உண்மை அக்காவுக்குத் தெரிந்தது அடுத்த மழைக்காலத்தில். ஒரு பகல்நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். புருவமெல்லாம் வெள்ளைத் தூசி படிந்த ஒருவர், கக்கத்தில் மடித்த சாக்குகளோடு நின்றார். அக்கா, "சாக்கு எல்லாம் வேணாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தப் போனாள்.

"விக்க வரலம்மா. மழையில நனையாம இருக்கத் தலையில போட்டுட்டு வந்தேன். நான் உன் வீட்டுக்காரனோட அண்ணன்."

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அந்த வீட்டில் எல்லாப் பேச்சும் என் வழியாகத்தான் நடந்தது. நான் லிப்ட் மெக்கானிக். மேலுக்கும் கீழுக்கும் ஆளை ஏற்றி இறக்குவது என் பிழைப்பு. அக்கா வீட்டில் அதே வேலையைச் சம்பளம் இல்லாமல் பார்த்தேன். அத்தான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போதே, "உப்பு போதுமான்னு உங்க அத்தானைக் கேளு" என்பாள் அக்கா. "போதும்னு உங்க அக்காகிட்ட சொல்லு மாப்ளே" என்பார் அவர். ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது. பிறகு ஒருநாள் அக்காவே அந்த அண்ணனுக்குத் தட்டு வைத்தாள். எங்கள் அப்பாவிடம் மட்டும் மூச்சு விடக்கூடாது என்று என்னை மிரட்டி வைத்தாள்.

சரக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் அவர்கள் தெரு. ஊரில் காலியாகும் சாக்குகள் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். உதறுவார்கள், உள்பக்கத்தை வெளியே திருப்பி அடிப்பார்கள், கிழிசலுக்கு ஒட்டுப்போட்டுத் தைப்பார்கள், கட்டுக் கட்டாகக் கட்டி மறுபடி வண்டியில் ஏற்றுவார்கள். அந்தத் தெருவில் யாருடைய புருவமும் கறுப்பாக இருக்காது. ஊர்க்காரர்கள் அவர்களைச் சாக்குக்காரர்கள் என்பார்கள். அவர்களுக்கு அவர்கள் மொழியில் வேறு ஒரு பெயர் உண்டு. அதை நான் கேட்டதே இல்லை. வெளியாள் ஒருவர் அறையில் இருந்தால் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு சட்டென்று நம் பேச்சுக்கு மாறிவிடும். என்னை நன்றாக உட்கார வைப்பார்கள், விசாரிப்பார்கள், சிரிப்பார்கள். அந்தப் பெயர் மட்டும் வராது.

ஏன் என்று அண்ணன்தான் எனக்குச் சொன்னார். எந்தக் காலத்திலோ, எந்த ஊரிலோ ஒரு கூட்டம் கையில் ஆயுதத்தோடு வீடு வீடாக வந்து, நீங்கள் என்ன ஆள் என்று கேட்டதாம். சொந்தப் பெயரைச் சொன்னவர்கள் யாரும் மிஞ்சவில்லை. ஒரே ஒருவர் மட்டும் எதிர்வீட்டுக்காரர்கள் எந்த இனமோ அந்த இனத்தின் பெயரைச் சொல்லித் தப்பித்தார்.

"அந்த ஒரு ஆளோட பிள்ளைங்கதான் நாங்க எல்லாரும்" என்றார் அண்ணன். "யாரு வந்து எதிர்ல நின்னு கேட்டாலும், எதிர்ல இருக்கறவங்க ஆளுன்னு சொல்லிடணும். நடை பழக்குற வயசுலயே இதையும் பழக்கிடுவோம். யோசிச்சிட்டு சொல்லக்கூடாது. யோசிச்சா முகம் காட்டிக் கொடுத்துடும்."

அன்றைக்குத்தான் அப்பாவின் கூடத்தில் அத்தான் இமைக்காமல் உட்கார்ந்திருந்தது எனக்குப் புரிந்தது. ஏமாற்றுக்காரர் என்று கறுவிக்கொண்டிருந்த எனக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது.

இந்தப் பழக்கத்திலிருந்துதான் அத்தான் தன் கோட்பாட்டைக் கட்டினார். எதிர்வீட்டுக் கோட்பாடு என்று அதற்குப் பெயர். அதைச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு எத்தனை முறை விளக்கியிருப்பார் என்று கணக்கே இல்லை. எந்த மனிதக் கூட்டமும் தானாக உண்டாவதில்லை. எதிரே இருப்பவனைப் பார்த்துப் பார்த்துத்தான் தன்னைச் செய்துகொள்கிறது. அவன் சுத்தம் என்றால் நாம் அதைவிடச் சுத்தம். அவன் முரடன் என்றால் நாம் சாது. எதிர்வீடு காலியானால் நாம் யாரென்று நமக்கே தெரியாமல் போய்விடும். இதுதான் சாரம். இதைப் புத்தகமாக எழுதக் கிட்டத்தட்ட அவர் வாலிபம் முழுவதும் போனது. கல்லூரியின் ஓர அறையில், மூன்று கால் நல்லாயிருந்த ஒரு மேசையில் எழுதினார். நாலாவது காலுக்கு நான்தான் ஒரு ரப்பர் கட்டை வெட்டிக் கொடுத்தேன்.

புத்தகத்தில் சாக்குத் தெருவைப் பற்றி ஒரு வரி கிடையாது. உலகத்தில் உள்ள எல்லாக் கூட்டத்தையும் எடுத்து அலசியிருந்தார். சொந்தக் கூட்டத்தை மட்டும் விட்டுவிட்டார். அண்ணனுக்கு எழுத்து வாசிக்க வரும். முழுப் புத்தகத்தையும் விரல் வைத்துப் படித்துவிட்டு ஒருநாள் வந்தார்.

"எங்க பொழப்பு பூரா இதுல இருக்கு. எங்க பேரு எங்கடா?"

"பேரைப் போட்டா முடிஞ்சுது அண்ணே" என்றார் அத்தான். "பெரிய கூட்டத்துக்காரன் எழுதினா அது மனுஷனைப் பத்தினதுன்னு படிப்பாங்க. நம்மள மாதிரி ஆளு எழுதினா, அது அவன் கூட்டத்தோட புலம்பல்னு மூடி வச்சிடுவாங்க. இது எல்லாருக்கும் பொருந்துற உண்மை. யார் வீட்டுச் சமையல்னு தெரிஞ்சா சாப்பிட மாட்டாங்க."

அண்ணன் வாதம் செய்கிறவர் இல்லை. "நல்லாத்தான் சமைச்சிருக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அத்தான்மேல் கோபம். ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதும் தெரிந்ததால், கோபத்தை வைக்க இடம் இல்லை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தான் யார் பிள்ளை என்று யாரும் எட்டிப் பார்க்காமல், தான் சொன்னது சரியா தப்பா என்று மட்டும் நாலு பேர் பார்க்க வேண்டும்.

நாலு பேர் பார்க்கவில்லை. புத்தகம் வந்ததும் தெரியவில்லை, இருந்ததும் தெரியவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் துறைத்தலைவர் ஆனார்கள். அவர் அதே ஓர அறையில் அதே மேசையோடு நரைத்தார்.

பிறகுதான் சரக்கு நிலையத்தைப் பெரிதாக்கும் திட்டம் வந்தது. சாக்குத் தெருவை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். ஆனால் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. ஒரே இனத்து மக்கள் தலைமுறையாகச் சேர்ந்து வாழும் இடம் என்று நிரூபித்துவிட்டால், அந்த இடத்தில் கைவைக்க முடியாது. அதை விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். முதலில் கணக்கெடுப்பு ஊழியர்கள் தெருவுக்குப் போனார்கள்.

அண்ணன் முன்கூட்டியே வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்திருந்தார். இந்த ஒரு தடவை உண்மையான பெயரைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தெரு போய்விடும் என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். ஊழியர்கள் வந்து எதிரே நின்று, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார்கள். ரயில் ஊழியர் குடியிருப்பைப் பார்த்திருந்த வரிசைக்காரர்கள் அந்தக் குடியிருப்பு ஆட்களின் இனத்தைச் சொன்னார்கள். மறுபக்க வரிசைக்காரர்கள், தங்களுக்கு எதிரே இருந்த லாரிப் பட்டறைக்காரர்களின் இனத்தைச் சொன்னார்கள். ஒரு வாய்கூடத் தவறவில்லை.

அண்ணன் இதை அத்தான் வீட்டில் வந்து சொல்லும்போது சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. "நானே சொல்லலடா. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துட்டு, என் முறை வந்தப்ப வாய் தானா பட்டறைக்காரங்க பேரைச் சொல்லுது. நான் என்ன பண்ண?"

அத்தான் எழுந்து கத்தினார். அவர் கத்தி நான் பார்த்தது அன்று மட்டும்தான். "ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா? எந்தக் காலத்துலயோ எவனோ வந்தான்னு இன்னும் எத்தனை நாளைக்கு நடுங்குவீங்க?"

"அப்ப நீ வந்து சொல்லு" என்றார் அண்ணன். "படிச்சவன். உன் பேச்சு எடுபடும்."

அதற்கும் வழி தானாக வந்தது. குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி, எங்கேயோ அத்தானின் புத்தகத்தைப் பிடித்துப் படித்திருக்கிறார். நிபுணராக வந்து கருத்துச் சொல்லும்படி அழைப்பு வந்தது. அத்தான் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அக்கா கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை. அழைப்பைப் படித்துவிட்டு, "புத்தகத்தைப் படிச்சிருக்காங்க மாப்ளே" என்றார். ஒரு நிமிடம் கழித்து அதையே மறுபடி சொன்னார்.

அக்கா கேட்டாள். "அங்க போய் நீங்க யாருன்னு சொல்லப்போறீங்களா?"

"சொல்லித்தான் ஆகணும்."

"அப்புறம் அந்தப் புத்தகம்?"

அவர் அழைப்பை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "போகட்டும்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு அவர் கொடுத்த விலை எனக்குத் தெரியும். அன்று அவரை நான் மனதாரக் கும்பிட்டேன்.

என் வேனில்தான் அழைத்துப் போனேன். குழு கூடியது ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில். அந்த லிப்ட் தரைமட்டத்துக்கு ஒரு விரல் கீழேயே நின்றது. யார் பராமரிக்கிறார்களோ, அவர்களைத் திட்டிக்கொண்டே இறங்கினேன். நீள மேசையின் அந்தப் பக்கம் தலைவர். இந்தப் பக்கம், நேர் எதிரே, அத்தானுக்கு நாற்காலி. கடைசி வரிசையில் அண்ணனும் தெருவிலிருந்து வந்த சிலரும் புருவத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தலைவர் நல்ல மனிதர். எனக்கு அதுதான் இன்றும் பொறுக்கவில்லை. எழுந்து கை கொடுத்தார். புத்தகத்தில் அடையாளம் வைத்திருந்த பக்கத்தைத் திறந்து வாசித்தார்.

"'எந்தக் கூட்டமும் தனக்குள்ளிருந்து உண்டாவதில்லை. எதிரே நிற்பவரின் கண்ணில் உண்டாகிறது.' அருமையான வரி சார். இதை வச்சுப் பார்த்தா, அந்தத் தெருவுல தனி இனம்னு ஒண்ணு இல்லைன்னு எடுத்துக்கலாம் இல்லையா? அவங்களே ரெண்டு வேற வேற பேரைச் சொல்றாங்க."

"இல்லைங்க" என்றார் அத்தான். குரல் தெளிவாக இருந்தது. "அப்படி மாத்திச் சொல்றதுதான் அவங்க ஒரே கூட்டம்ங்கிறதுக்கு அத்தாட்சி. உலகத்துல வேற யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க. அது அவங்க அப்பன் பாட்டன் கொடுத்த பழக்கம்."

மேசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பின்வரிசையில் அண்ணன் முன்னால் சாய்ந்தார். தப்பித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

"புதுசா இருக்கே" என்றார் தலைவர். "உங்க புத்தகத்துல இதைப் பத்தி ஒண்ணும் இல்லையே. இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும். ஏன்னா நான்…"

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். முன்னால் குனிந்து, ரொம்பவும் அன்பாகக் கேட்டார். "சொல்லுங்க சார். நீங்க என்ன ஆளுங்க?"

அத்தான் கண்ணைக்கூட இமைக்கவில்லை.

"உங்க ஆளுங்கதாங்க" என்றார்.

தலைவருக்கு வாயெல்லாம் பல். "எனக்கு அப்பவே தோணுச்சு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். இரண்டு பேர் சிரித்தார்கள். அத்தான் வாய் திறந்தபடி இருந்தது. அந்தச் சொல்லைத் திரும்ப உள்ளே இழுக்கப் பார்ப்பவர் போல இரண்டு மூன்று முறை மூச்சு வாங்கினார். "இல்ல, அது இல்ல… நான் சொல்ல வந்தது…" என்றார். "பதறாதீங்க சார், இங்க எல்லாரும் நம்ம ஆளுங்கதான். தண்ணி குடிங்க" என்றார் தலைவர். தண்ணீர் வந்தது. இனி அவர் எதைச் சொன்னாலும், தெருவுக்காக வரிந்து கட்டிக்கொண்டு சொல்வதாகத்தான் ஆகும். பணிப்பதிவிலும் அவருக்கு ஏதோ ஒரு எதிர்வீட்டு இனம்தான் இருந்தது. எழுந்து நான் கத்தியிருக்கலாம். என்னவென்று கத்துவது? அந்தப் பெயர் எனக்குத் தெரியாதே.

திரும்பிப் பார்த்தேன். அண்ணன் முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. தெரிந்த வலியைப் பார்ப்பவர் போலத் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேனில் திரும்பினோம். சிக்னலில் நின்றபோது அத்தான் சொன்னார்.

"கோட்பாடு சரியாத்தான் இருக்கு மாப்ளே."

அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. விடைத்தாள் திருத்தி மதிப்பெண் போட்ட மாதிரி சொன்னார். எனக்கு வண்டியை ஓரங்கட்டி அவரை உலுக்க வேண்டும்போல் இருந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள், ஓட்டினேன்.

தெருவை எடுத்தார்கள். ஆட்களை ஊரின் ஒவ்வொரு மூலையிலும் கிடைத்த கட்டடத்தில் ஒரு குடும்பம், இரண்டு குடும்பம் என்று பிரித்துப் போட்டார்கள். எந்த இரண்டு வீடும் எதிரும் புதிருமாக அமையவில்லை. குழுவின் அறிக்கையில் அத்தானின் அந்த வரி முதல் பக்கத்திலேயே வந்தது. அதற்குப் பிறகு புத்தகத்துக்கு மவுசு வந்தது பாருங்கள், அதுதான் கொடுமை. மறுபதிப்பு, பாடத்திட்டம், கூட்டம், மாலை, மேடை. ஓய்வுபெறும் தறுவாயில் துறைத்தலைவர் ஆக்கினார்கள். யார் பிள்ளை என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அவர் ஆசைப்பட்டது அப்படியே, எழுத்துக்கு எழுத்து நடந்தது. மாலையைக் கொண்டுவந்து செருப்பு வைக்கும் இடத்தில் போடுவார். அக்கா எடுத்துக் குப்பையில் போடுவாள்.

அண்ணன் கடைசியாக வந்தது அவர் மகன் வேலைக்காக வேறு நாட்டுக்குப் போகும் முன். நானும் அன்று அங்கே இருந்தேன், கதவுக் கீல் ஒன்று மாட்டிக்கொண்டிருந்தேன். அண்ணனின் புருவம் கறுகறுவென்று இருந்தது. சாக்குத் தொழில் போய்விட்டதே. அந்த முகத்தை அடையாளம் கண்டுபிடிக்க எனக்கே ஒரு கணம் ஆனது.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மகன் போகிற ஊர், குளிர், மருமகள் என்று பேசினார்கள். கிளம்பும் நேரத்தில் அத்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நம்ம பேரை ஒரு தடவை சொல்லிட்டுப் போ. அம்மா சொல்ற மாதிரி. எனக்கு எவ்வளவு முயற்சி பண்ணாலும் நாக்குல வரமாட்டேங்குது. காதாலயாவது ஒரு தடவை கேட்டுக்கறேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது. வெளியாள் இருக்கும்போது வராது. திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அக்கா என் கையை இறுகப் பிடித்திருந்தாள். அந்தக் கதவுக்குள் ஒரு வார்த்தை சொல்லப்பட வேண்டும் என்று நான் வேண்டியதுபோல் வேறு எதற்கும் வேண்டியதில்லை.

கதவு சீக்கிரமே திறந்தது. அண்ணன் அக்காவிடம் தலையசைத்துவிட்டு, லிப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கிப் போனார்.

உள்ளே அத்தான் அதே இடத்தில், எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சொன்னாரா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"ஏன்? நாங்கதான் வெளிய போயிட்டோமே."

அத்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வெளியாள் இன்னும் உள்ளதான் இருக்கான்னு சொல்லிட்டுப் போயிட்டார் மாப்ளே."